‘ஓடு’, ‘ஆல்’: ஆட்டிசமும் உடனிகழும் நோய்களும்

1

எங்கள் வாசகர் வட்டக் கூட்டங்களுக்குப் பல ஆண்டுகளாகத் தவறாமல் வந்துகொண்டிருந்த நண்பர் ஒருவர் உண்டு. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். கடைசி வரிசையில், ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே வராத இடமாகப் பார்த்து உட்காருவார். விவாதம் சூடேறி நாலு பேர் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஏதாவது கேட்டால் ஒற்றை வரியில் பதில். அதுவும் நம் முகத்தைப் பார்க்காமல். ஆனால் ஓர் ஒற்றுப்பிழை எந்த இதழில் எத்தனையாவது பக்கத்தில் தப்பியது என்பதை மூன்று வருடம் கழித்தும் சொல்வார்.

இவரை நாங்கள் வாசித்த விதத்திலிருந்து இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ‘அந்நியமாதல்’ என்ற சொல் எங்கள் கையில் தயாராக இருந்தது. காம்யுவின் நாயகன் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிவிட்டான் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அவருடைய மௌனத்தைச் சமூகத்தின் வாயாடித்தனத்துக்கு எதிரான நிராகரிப்பு என்று நானே ஒரு கூட்டத்தில் வியந்து பேசியிருக்கிறேன். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு கட்டத்தில் வருவது நின்றது. வேலைக்கும் போகவில்லை. அறையை விட்டு வெளியே வராமல், சரியாகச் சாப்பிடாமல் இரண்டு மாதம். வீட்டார் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்கள். மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். பலன் போதவில்லை என்று போன இன்னோர் இடத்தில் மருத்துவர் கேட்டிருக்கிறார்: “காதுல குரல் ஏதாவது கேக்குதா?” இவர் சொன்ன பதில்: “கேக்குது.” பக்கத்து அறையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள், அதைத்தான் சொன்னார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அது. சீட்டில் ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதப்பட்டது. நான்கு வருடம் அதற்கான மருந்து. பிறகு வேறொரு மருத்துவர், இவருடைய அம்மாவை உட்கார வைத்துச் சிறுவயதுக் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, இவருக்குப் பிறவியிலிருந்தே ஆட்டிசம் உண்டு, மனச்சோர்வு அதற்கு மேல் வந்த தனி நோய், இரண்டும் உண்மை என்றார்.

நண்பரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். “கதையாக்கிடாதீங்க” என்றும் சொன்னார்.

எங்கள் வாசிப்பு, மருத்துவமனை வாசிப்பு இரண்டும் ஒரே தவறைத்தான் செய்தன. ஒரு பிரதியை அதன் மொழி தெரியாமல் வாசித்து, நமக்குத் தெரிந்த மொழியில் பொருள் எழுதிவிட்டோம். நாங்கள் செய்ததில் அவருக்கு மருந்தின் பக்கவிளைவு எதுவும் வரவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

2

ஆட்டிசம் என்ற சொல்லே குழப்பமான இடத்தில் பிறந்த சொல். ‘தான்’ என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து சுவிஸ் மனமருத்துவர் ஆய்கன் பிளாய்லர் அதை உருவாக்கினார். 1911இல் வெளிவந்த அவர் நூலில் அது ஸ்கிசோஃப்ரினியாவின் ஒரு கூறுக்குப் பெயர்: வெளியுலகை விட்டு உள்ளே ஒதுங்கிக்கொள்வது. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேனர் 11 குழந்தைகளை விவரித்து, இது பிறவியிலேயே அமைந்த தனி நிலை என்று எழுதியபோது, பெயரை மட்டும் பழைய வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டார். அமெரிக்க மனமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு 1980 பதிப்பில்தான் ஆட்டிசத்தைக் குழந்தைப்பருவ ஸ்கிசோஃப்ரினியாவிலிருந்து பிரித்துத் தனி இடத்தில் வைத்தது. என் நண்பருக்கு நடந்த குழப்பத்துக்கு இவ்வளவு நீண்ட வம்சாவளி இருக்கிறது.

தமிழில் நிலைமை இன்னும் மோசம். ‘மதியிறுக்கம்’ என்கிறார்கள். அரசாங்கத் தாள்களில் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்றொரு தொடர் புழங்குகிறது. அகம், புறம் என்று இலக்கியத்தையே இரண்டாக வகுத்த மொழியில் இந்தத் தொடர் எவ்வளவு கனமாக விழும் என்று யோசித்துப் பாருங்கள். பிளாய்லரின் பழைய வரையறையைத்தான் அது அப்படியே சுமந்துகொண்டிருக்கிறது. உண்மையில் பலருக்கும் நிலைமை நேரெதிர். என் நண்பருக்குப் புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வந்து விழுகிறது. ட்யூப்லைட்டின் இரைச்சல், சட்டைக் காலரில் தைத்த துணித்துண்டின் உரசல், நாலு பேச்சு ஒரே நேரத்தில் — நாம் வடிகட்டிவிடுகிற இவை எல்லாம் அவருக்கு ஒரே அளவில் கேட்கின்றன, படுகின்றன. புலனுணர்வில் உள்ள இந்த வேறுபாடு 2013 கையேட்டில்தான் நோயறியும் அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே இக்கட்டுரையில் ‘ஆட்டிசம்’ என்றே எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் ஆட்டிசம் என்பது பிறவியிலிருந்து வரும் நரம்பு வளர்ச்சி வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகும் முறை, மாறாத ஒழுங்கின் மீதான தேவை, ஒன்றில் ஆழ்ந்துபோகும் ஈடுபாடு, புலன்கள் இயங்கும் விதம் ஆகியவற்றில் அது தெரியும். பேச்சே வராதவர்கள் உண்டு, பேராசிரியர்களும் உண்டு. ஒரு பகுதியினருக்கு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருக்கும். ஆட்டிசம் தன்னளவில் மனநோய் இல்லை. ஆனால் அது உள்ளவர்களுக்கு மனநோய் வருவது மற்றவர்களைவிட மிக அதிகம்.

3

எவ்வளவு அதிகம்? பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வந்த கணக்கு இது: ஆட்டிசம் உள்ளவர்களில் கவனக்குறைவு-மிகையியக்கக் கோளாறு 28 சதவீதம், பதற்ற நோய்கள் 20, உறக்கக் கோளாறு 13, மனச்சோர்வு 11, எண்ணச் சுழற்சி நோய் 9, இருதுருவ நோய் 5, ஸ்கிசோஃப்ரினியா வகை 4. ஒருவருக்கே இவற்றில் இரண்டு மூன்று இருக்கலாம். மருத்துவத்தில் இவற்றுக்கு ‘உடனிகழ் நோய்கள்’ என்று பெயர்.

தமிழ் படித்தவனுக்கு இந்த ‘உடனிகழ்’ என்ற சொல் உறுத்துகிறது. மூன்றாம் வேற்றுமையின் பொருள்களில் ஒன்று உடனிகழ்ச்சி. அதன் உருபு ‘ஓடு’. அதே வேற்றுமைக்குக் கருவி, கருத்தா என்ற பொருள்களும் உண்டு. அதற்கு உருபு ‘ஆல்’. தந்தையோடு மகன் வந்தான் என்பது வேறு, வாளால் வெட்டினான் என்பது வேறு. மருத்துவப் பட்டியல் எல்லாவற்றையும் ‘ஓடு’ போட்டு எழுதிவிடுகிறது. ஆட்டிசத்தோடு வலிப்பு, ஆட்டிசத்தோடு மனச்சோர்வு, ஆட்டிசத்தோடு தற்கொலை எண்ணம். இவற்றில் எது உண்மையாகவே ‘ஓடு’, எது ‘ஆல்’ என்று பிரிக்காவிட்டால் வைத்தியமும் தவறும், அரசியலும் தவறும்.

முதலில் ‘ஓடு’. வலிப்பு நோய் பொது மக்களைவிட இவர்களிடம் பல மடங்கு கூடுதல். அறிவுத்திறன் குறைபாடும் இருந்தால் இன்னும் கூடுதல். சில மரபணு நிலைகள் ஆட்டிசம், வலிப்பு இரண்டுக்கும் பொதுவான காரணம். கவனக்குறைவு-மிகையியக்கத்துக்கும் ஆட்டிசத்துக்கும் மரபணுப் பங்கு பெரிய அளவில் பொது. இங்கே சமூகத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரே உடம்பில் சேர்ந்து வருவன இவை. ஆனால் இங்கும் புத்தகம் தன் அதிகாரத்தைக் காட்டியது. 1994 பதிப்புக் கையேட்டின்படி, ஆட்டிசம் என்று எழுதியவருக்குக் கவனக்குறைவு-மிகையியக்கம் என்றும் சேர்த்து எழுதக் கூடாது. 2013இல் அந்தத் தடை நீங்கியது. இப்போது முதலிடத்தில், 28 சதவீதத்தில் இருப்பது அதுதான்.

அடுத்து ‘ஆல்’. சுவீடனில் ஆட்டிசம் உள்ள 27,000 பேருக்கு மேல் எடுத்துச் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், இறந்துபோனவர்களின் சராசரி வயது 54. ஒப்பீட்டுக்கு எடுத்த பொது மக்களில் 70. அறிவுத்திறன் குறைபாடும் உள்ளவர்களில் 40க்கும் சற்றுக் குறைவு. அவர்களிடம் வலிப்பு முதலிய நரம்பு நோய்கள் பெரிய காரணம். அந்தக் குறைபாடு இல்லாதவர்களிடம் முன்னால் நின்ற காரணம் தற்கொலை. ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 7 மடங்குக்கு மேல். பிரிட்டனில் வயதுவந்த பிறகு ஆஸ்பெர்கர் வகை என்று கண்டறியப்பட்ட 374 பேரைக் கேட்டு 2014இல் வந்த ஆய்வில், 66 சதவீதத்தினர் வாழ்வில் எப்போதாவது தற்கொலையை நினைத்தவர்கள்.

இதை ஆட்டிசத்தோடு வருவது என்று எழுதிவிட்டுப் போக முடியுமா? அதே பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2018இல் இன்னொன்றைக் காட்டினார்கள். தன் இயல்பை மறைத்துக்கொண்டு மற்றவர்களைப் போல நடிப்பதும், தேவையான உதவி கிடைக்காமல் இருப்பதும் தற்கொலை எண்ணத்தோடு தொடர்புடையவை. மறைத்தல் என்றால் என்ன என்று நண்பரிடம் கேட்டேன். கண்ணைப் பார்க்க முடியாததால் எதிராளியின் மூக்குத்தண்டைப் பார்ப்பாராம். டீக்கடையில் பேச வேண்டிய நாலு வாக்கியத்தை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வருவாராம். விரல்களை ஆட்டினால்தான் பதற்றம் அடங்கும். அதைச் சட்டைப்பைக்குள் வைத்து ஆட்டுவாராம். “ஆபீஸ்ல எட்டு மணி நேரம் மெய்ப்பு பாக்கறது எனக்குக் கஷ்டமில்ல. மனுஷனா நடிக்கறதுதான் கஷ்டம்” என்றார். இந்த உழைப்புக்குக் கூலி கிடையாது. ஆண்டுக்கணக்கில் செய்தால் ஒருநாள் எல்லாம் நின்றுபோகும்: பேச்சு குறையும், சத்தம் தாங்காது, தெரிந்த வேலையே வராது. இதை ஆட்டிசக் களைப்பு என்கிறார்கள். மனச்சோர்வைப் போலவே தோன்றும். சில சமயம் அதனோடு கலந்தும் வரும். ஆனால் மனச்சோர்வுக்கு வழக்கமாகச் சொல்லும் யோசனையான ‘வெளியே போங்க, நாலு பேரோட பழகுங்க’ என்பது இங்கே எரிகிற அடுப்பில் விறகு வைப்பது.

‘ஆல்’ என்பதற்கு இன்னொரு சான்று கேனரிடமே இருக்கிறது. 1971இல் தம்முடைய அந்த 11 குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று அவர் திரும்பிப் பார்த்தார். அரசு மருத்துவமனைகளில் விடப்பட்டவர்கள் இருந்த திறனையும் இழந்து போயிருந்தார்கள். அங்கே சேர்ப்பது ஆயுள் தண்டனைக்குச் சமம் என்ற முடிவுக்கு அவரே வந்தார். முதல் குழந்தையான டொனால்ட் டிரிப்லெட்டையும் நான்கு வயது நெருங்கும்போது ஒரு விடுதியில் விட்டிருந்தார்கள். பெற்றோர் திரும்ப அழைத்து வந்தார்கள். அவர் மிசிசிப்பி மாநிலத்தின் சிறிய ஊர் ஒன்றில், எல்லோரும் அறிந்தவராக வாழ்ந்து, வங்கியில் வேலை பார்த்து, கோல்ஃப் விளையாடி, 2023இல் 89 வயதில் இறந்தார். அந்த வங்கி அவர் தாய்வழிக் குடும்பத்துடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே மருத்துவர், ஒரே பெயர், வேறுவேறு வாழ்க்கை. வித்தியாசத்தை உண்டாக்கியதில் வர்க்கத்துக்கும் பங்கு உண்டு.

4

‘ஓடு’வும் இல்லாமல் ‘ஆலு’ம் இல்லாமல் மூன்றாவது ஒன்றும் நடக்கிறது. உருபே தொக்குப்போவது. ஆட்டிசம் என்ற பெயர் விழுந்தவுடன் மற்ற நோய் எல்லாம் அந்தப் பெயருக்குள் மறைந்துவிடுகிறது. 1982இல் ஸ்டீவன் ரைஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். கடுமையான அச்சத்தால் முடங்கிய ஒருவரின் விவரத்தை உளவியலாளர்களிடம் கொடுத்தார்கள். அவருக்கு அறிவுத்திறன் குறைபாடு உண்டு என்று சொன்னபோது, அதே அச்சத்தை நோயாகக் கருதியவர்கள் குறைந்தார்கள். ‘அது அப்படித்தான்’ என்ற பதில் தயாராகிவிடுகிறது. பேச்சு வராத பையன் திடீரென்று தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான். பல் வலியா, காதில் சீழா, மலச்சிக்கலா என்று பார்ப்பதற்கு முன்னால் ‘ஆட்டிசப் பிள்ளை, அப்படித்தான் செய்யும்’ என்று மருந்து எழுதப்படுகிறது. அமெரிக்காவில் ரிஸ்பெரிடோன் 2006இலும் அரிபிப்ரசோல் 2009இலும் ஆட்டிசத்தோடு வரும் கடும் எரிச்சலுக்காக மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. ஆட்டிசத்துக்கு என்று மருந்து கிடையாது. இங்கிலாந்தில் அறிவுத்திறன் குறைபாடுள்ள வயதுவந்தோர் 30,000 முதல் 35,000 பேர் வரை உரிய காரணமில்லாமலே மனநோய் மருந்து தரப்படுகிறார்கள் என்று அரசு அமைப்பே 2015இல் கணக்கிட்டது. 2016இல் அதைக் குறைக்க இயக்கமும் தொடங்கியது.

இதன் அடியில் ஒரு வாசிப்புச் சிக்கல் இருக்கிறது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். உள்ளத்தில் உள்ளது மெய்யில் படும்; அதைப் பார்ப்பவர் உணர்வார். மருத்துவரின் கேள்வித்தாளும் இந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது: முகம் வாடியிருக்கிறதா, அழுதாரா, குரல் தளர்ந்திருக்கிறதா. இவர்களிடமோ மெய்ப்பாடு நாம் பழகிய விதிப்படி வருவதில்லை. பதற்றத்தில் சிரிப்பு வரலாம். தாங்க முடியாத துயரத்தில் முகம் அசையாமல் இருக்கலாம். துயரம் வயிற்றுவலியாக, தூக்கமின்மையாக, பேருந்து எண்களை ஓயாமல் எழுதுவதாக வரலாம். தன் உணர்வுக்குத் தானே பெயர் சொல்ல முடியாத நிலைக்கு பீட்டர் சிஃப்னியோஸ் 1970களில் ‘அலெக்சிதைமியா’ என்று பெயரிட்டார். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது உண்டு என்று பின்னர் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் என் நண்பர் உண்மையாகவே யோசிக்க ஆரம்பித்துவிடுவார். மருத்துவர் காத்திருக்க மாட்டார். ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிடுவார்.

மெய்ப்பாட்டியல் எட்டையும் அவற்றின் விரிவையும் சொல்லி முடித்த பிறகு, பார்ப்பவரின் உணர்வைப் பற்றிச் சொல்லித்தான் நிறைகிறது. உணரும் திறன் உள்ளவருக்கே மெய்ப்பாடு தெரியும். பொறுப்பில் பாதி வாசகன் தலையில் விழுகிறது. 2012இல் டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், தாமே ஆட்டிசம் உள்ளவர், ‘இருமடிப் பரிவுச் சிக்கல்’ என்று ஒரு கருத்தை முன்வைத்தார். அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்கிறோம். நமக்கும் அவர்களைப் புரியவில்லை. புரியாமை இரண்டு பக்கமும் இருக்க, குறைபாடு என்ற பெயர் மட்டும் ஒரு பக்கத்துக்கு எப்படிப் போனது? 2020இல் இதைச் சோதித்தார்கள். ஒரு கதையை வரிசையாக ஒருவர் காதில் இருந்து அடுத்தவருக்குக் கடத்தச் சொன்னபோது, ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் நின்ற வரிசை மற்றவர்கள் நின்ற வரிசைக்குச் சமமாகச் செய்தது. கலந்து நின்ற வரிசையில்தான் செய்தி தேய்ந்தது. 2025இல் இன்னும் பெரிய அளவில் செய்தபோது கலப்பு வரிசையின் அந்தச் சரிவு தெரியவில்லை. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்கள் தமக்குள் செய்தி கடத்துவதில் குறைந்தவர்கள் இல்லை என்பது இரண்டு முறையும் நின்றது.

5

இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஃபூக்கோவையும் லெய்ங்கையும் படித்துவிட்டு, மனநோய் என்பதே அதிகாரத்தின் புனைவு என்று பேசிப் பழகியவர்கள் நாம். அந்த வாசிப்பு நமக்குக் கொடுத்தது நிறைய. ஆனால் ‘ஆல்’ மட்டுமே போட்டு எழுதும் இலக்கணம் அது. எல்லாவற்றுக்கும் சமூகமே கருத்தா என்றால், மகனுக்கு வலிப்பு வந்த இரவில் ஒரு தாய் என்ன செய்வாள்? தாய் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கருத்தாவைத் தேடும் அதே ஆவேசத்தில்தான் சிகாகோவின் ப்ரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ‘வெற்றுக் கோட்டை’ நூலில், தானே அடைபட்டிருந்த நாஜி முகாம் கைதிகளோடு இக்குழந்தைகளை ஒப்பிட்டுத் தாயைக் குற்றக் கூண்டில் ஏற்றினார். உடற்கூற்றுக் காரணங்களை வாதாடிய பெர்னார்ட் ரிம்லாண்டின் நூல் 1964லேயே வந்துவிட்டிருந்தது. ஆனாலும் ‘குளிர்ந்த தாய்’ என்ற பழி பல குடும்பங்களில் நெடுநாள் தங்கியது. நம் ஊரில் இன்றும் ‘அம்மா வேலைக்குப் போனா, செல்போனைக் குடுத்தா’ என்று அது புது உடுப்பில் நடமாடுகிறது. கோட்பாடு கருத்தாவைத் தவறாகக் குறித்தால் அடி விழுவது பெரும்பாலும் பெண்ணின் முதுகில்.

மறுபக்கம் சட்டம். 1995 சட்டத்தின் 7 ஊனங்களில் ஆட்டிசம் இல்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பெயர் வந்தது. 2016 சட்டம் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. மனநோய் அதில் வேறொரு வகை. சான்றிதழுக்கு இந்திய அளவுகோல் ஒன்று உண்டு: 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. கண்ணால் பார்ப்பதையும் வீட்டார் சொல்வதையும் வைத்து எண் போடுகிறார்கள். நடித்து நடித்துத் தேய்ந்தவர் அந்த அறையிலும் நன்றாகத்தான் நடிப்பார். எது அவரை நோயாளியாக்கியதோ அதுவே அவர் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. இன்னொரு சிறிய விஷயம். மைய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். நல்ல ஏற்பாடு, உடைந்துபோகும் நிலையில் யாருக்கும் இந்த எண்ணைக் கொடுங்கள். ஆனால் தெரியாத குரலோடு தொலைபேசியில் பேசுவது இவர்களில் பலருக்கு ஆகக் கடினமான செயல். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைச் சுழற்றி, முதல் இரண்டு வாக்கியத்தை அவருக்காகப் பேச ஒருவர் வேண்டும்.

கேட்கும் முறையையும் மாற்றலாம். “வருத்தமா இருக்கா?” என்பதற்குப் பதிலாக, “போன மாசம் தினமும் செய்துட்டிருந்தது எதை இப்ப செய்யல? தூக்கம் எத்தனை மணி நேரம்? சாப்பாடு?” என்று கேட்டால் பதில் வருகிறது. எழுதிக் கொடுக்கச் சொன்னால் இன்னும் நன்றாக வருகிறது. பிடித்த விஷயத்தில்கூட ஈடுபாடு போய்விட்டது என்றால் அது ஆட்டிசம் இல்லை, நோய், வைத்தியம் உண்டு. ஒருவர் நேற்றுவரை இருந்ததிலிருந்து மாறியிருந்தால், அந்த மாற்றத்துக்கு ‘அவர் அப்படித்தான்’ என்பது விளக்கமாகாது.

எங்கள் கூட்டத்தில் இப்போது ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் பேசுகிறார். என்ன பேசப்போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுகிறோம். இரைகிற ட்யூப்லைட்டை மாற்றியாயிற்று. இதனால் மற்றவர்களுக்கும் கூட்டம் கொஞ்சம் தேறியிருக்கிறது. கட்டுரையின் மெய்ப்பை நண்பரே பார்த்தார். இரண்டு ஒற்றுப்பிழை திருத்தினார். கடைசியில் ‘இப்போது அவர் குணமாகிவிட்டார்’ என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்: ‘மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கூட்டத்துக்கு வருகிறார்.’